பச்சை மிஞ்சிய சரிவு

மலை மேய்ச்சல் நிலங்களுக்கு உரம் போடும் திட்டத்தை மறுபடியும் தொடங்கப் போகிறார்கள், புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களைத்தான் அதற்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலூர் சத்துவாச்சாரியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர்தான் என்னை அடையாளம் கண்டு வந்து சொன்னார். அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "புல்லுக்கு யூரியா தூவறதுக்கா மேடம் நாம டாக்டருக்குப் படிச்சோம்?" என்று கேட்டார். கடையில் கூட்டம். நின்று பேச முடியவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்த பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் நான் பார்க்காத அதிசயம் குறைவு. செத்தே பிறந்தது என்று ஒதுக்கிப் போட்ட கன்று தும்மியதைப் பார்த்திருக்கிறேன். பாம்பு கடித்த எருமை மறுநாள் குளத்தில் சுகமாக ஊறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இன்றுவரை நினைத்தால் எனக்கு மூச்சு நின்றுபோகிற ஒன்று உண்டென்றால், அது ஒரு மலைச்சரிவில் புல்லுக்கும் மாட்டுக்கும் நடுவே நடந்ததுதான்.

ஒடுகத்தூரிலிருந்து சவ்வாது மலைக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடிந்த பிறகு, உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அந்த ஊரின் மாடுகள் மேய்வது ஒரே ஒரு சரிவில். மண் ஒரு சாணுக்குக்கூட ஆழமில்லை. அதற்குக் கீழே பாறை. மழை வந்தால் கணுக்கால் உயரம் புல் வரும். தை பிறப்பதற்குள் அது காய்ந்து துடைப்பக்குச்சி மாதிரி ஆகிவிடும். மாடுகளும் அப்படித்தான். எலும்பும் தோலுமாக, நல்ல கண்களோடு இருக்கும்.

திட்டத்தில் என்னோடு இருந்தவர் ஒரு வேளாண் அதிகாரி. மண்ணைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாத மனிதர். சரிவின் ஒரு பாதியை முள்வேலி போட்டு அடைத்து, மழை பெய்த ஈரத்தில் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுப் பார்ப்போம் என்றார். ஊரில் பெண்கள் குழு ஒன்று இருந்தது. வேலியைக் காக்கும் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவின் தலைவி காசியம்மாள். குரலை உயர்த்தாமலே ஒரு ஊரை அதட்டக்கூடியவர். அவருடைய செவலைப் பசுதான் மந்தைக்கு முன்னோடி. அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ மற்ற மாடுகளும் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

முதல் ஆண்டு மழை ஒழுங்காகப் பெய்தது. உரம் போட்ட பிறகு ஒரு வாரம் போலக் கழித்து நான் மேலே போனேன். எதிர் மலை வளைவில் ஜீப் திரும்பும்போதே டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். சரிவின் நடுவே யாரோ கோடு கிழித்த மாதிரி இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெளிர் மஞ்சள். அந்தப் பக்கம், கண்ணை உறுத்துகிற பச்சை. யாரும் கோடு கிழிக்கவில்லை. கடைசியாக உரம் தூவிய கை எங்கே நின்றதோ அங்கே அந்தப் பச்சையும் நின்றிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கையின் வீச்சுகூடத் தெரிந்தது, ஓரம் லேசாக வளைந்து வளைந்து.

புல்லை அறுத்து வந்து போட்டபோது மாடுகள் இன்னொரு வேலை செய்தன. உரம் போட்ட புல்லையும் போடாத புல்லையும் கலந்து போட்டோம். செவலை மூக்கால் தள்ளித் தள்ளி, உரம் போட்ட புல்லை மட்டும் பொறுக்கித் தின்றது. ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியில் புரதம் கூடியிருக்கிறது என்று முடிவு வந்தது. செவலைக்கு அது முன்பே தெரிந்திருந்தது. மாதம் முடிவதற்குள் அதன் தோலில் ஒரு மினுமினுப்பு வந்தது. காசியம்மாள் என்னிடம் பால் பாத்திரத்தைக் காட்டி, "இன்னாம்மா போட்டீங்க, மண்ணுக்கா மாட்டுக்கா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி அது. நீங்களும் மலையில் அதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். புல் எவ்வளவு வளர்ந்தது என்பதைக் கண் பார்த்துவிடும். அந்தப் புல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதே சரிவில் ஒரு மூலையை அறுக்காமல் விட்டுவிட்டோம். இடுப்பு உயரம் வளர்ந்து, பூத்து, காற்றில் அலை அலையாக ஆடியது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். மாடுகள் அதன் தண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டன. விளைச்சல் அந்த மூலையில்தான் அதிகம். தீவனம் அங்கேதான் குறைவு.

இரண்டாம் ஆண்டு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதல் மழையின் ஈரத்தில் உரம் போட்டோம். அதன் பிறகு மழை வரவில்லை. ஆடியும் போனது. மலை முழுக்கப் பழுத்துவிட்டது. வேலிக்குள் இருந்த சரிவு மட்டும் வாடி வதங்கினாலும் பச்சையை விடவில்லை. ஒரு காலத்தில் அது சோளக் கொல்லையாக இருந்த இடம் என்பதால், புல்லுக்கு நடுவே சோளமும் தானாக முளைத்துக் குட்டையாக நின்றிருந்தது. பிறகு ஒரு தூறல் போட்டது. நாலைந்து நாள் வெயிலே தலைகாட்டவில்லை, ஒரே மேகமூட்டம். அந்த நாட்களில் சரிவின் நிறம் மாறியது. பச்சைக்கு மேலே ஒரு பச்சை. கிட்டத்தட்டக் கருநீலம்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. செவலைதான் முதலில் போயிருக்கும். மலை முழுக்க மேய ஒரு வாய் இல்லாதபோது, எதிரே அப்படி ஒரு பச்சை நின்றால் எந்த மாடு வேலியை மதிக்கும்? ஊர்க்காரர்கள் பார்த்து விரட்டுவதற்குள் மந்தை வயிறார மேய்ந்துவிட்டது.

நான் அன்று ஒடுகத்தூரில் தடுப்பூசி முகாமில் இருந்தேன். போன் வந்தது. மாடுகள் தள்ளாடுகின்றன, ஒன்று விழுந்துவிட்டது. ஜீப்பில் ஏறி மலைப்பாதையில் போய்க்கொண்டே பக்கத்து வட்டத்தில் இருந்த மூத்த மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கூச்சப்படுவார். அவரைப் போல மாட்டைத் தொட்டே நோய் சொல்லுகிறவரை நான் பார்த்ததில்லை. வாடிய சோளம், மழைக்குப் பிறகு மேய்ச்சல், திடீரென்று விழுகின்றன என்று நான் சொன்னதும் அவர் தயங்கவே இல்லை.

"சோள விஷம்மா. சயனைடு. நைட்ரைட் ஊசி இருக்குதில்ல? போனதும் போட்டுடு, யோசிக்காத. ஒவ்வொரு நிமிஷமும் ஒரு மாடு."

அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. வாடிய சோளத்தில் சயனைடு விஷம் ஏறுவதும், அதற்கு முதல் மருந்து நைட்ரைட் என்பதும் நாம் எல்லோரும் படித்ததுதான். வறட்சிக் காலங்களில் அவர் அப்படி எத்தனையோ மாடுகளைக் காப்பாற்றியிருக்கிறார். பெட்டியில் மருந்து இருந்தது. ஜீப் குலுங்கக் குலுங்க ஊசியில் அதை ஏற்றி வைத்துக்கொண்டேன்.

சரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மாடுகள் செத்துக் கிடந்தன. ஏழெட்டு மாடுகள் படுத்துவிட்டன. மற்றவை கால் அகட்டி நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஊரே அங்கே இருந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் படுத்த மாடுகளை வாலை முறுக்கி, குச்சியால் தட்டி எழுப்பப் பார்த்தார்கள். செவலை ஒரு பாறை ஓரம் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. அது சினையாக இருந்தது. காசியம்மாள் அதன் தலையை மடியில் வைத்திருந்தார்.

நேராக அங்கே போனேன். மண்டியிட்டுக் கழுத்து நரம்பைத் தேடினேன். விரலுக்கு நரம்பு கிடைத்துவிட்டது. ஊசி முனை தோலைத் தொடுகிற நேரத்தில் காசியம்மாள் சொன்னார்.

"காதை அறுத்துவுட்டாங்கம்மா, ரத்தம் வுட்டா தெளியும்னு. ரத்தம் இன்னாம்மா இப்டி கீது?"

மாடு விழுந்தால் காது நுனியைக் கீறி ரத்தம் விடுவது அங்கே வழக்கம். யாரோ அரிவாளால் கீறியிருந்தார்கள். சொட்டுச் சொட்டாகப் புல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

அது சிவப்பாக இல்லை. காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

கை அப்படியே நின்றது. சயனைடு ஏறிய மாட்டின் ரத்தம் பளீரென்று சிவந்திருக்கும், சாதாரண ரத்தத்தைவிடவும் சிவப்பாக. பஞ்சை எடுத்து அந்த ரத்தத்தில் தோய்த்துக் காற்றில் ஆட்டினேன். காற்றுப் பட்டால் கறுத்த ரத்தமும் சிவக்க வேண்டும். ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். அது பழுப்பாகவே இருந்தது.

அப்போது புரிந்தது. இது சோளத்தின் விஷம் இல்லை, அந்தப் பச்சையின் விஷம். வெயில் இல்லாத நாட்களில் புல் மண்ணிலிருந்து உறிஞ்சிய யூரியாவின் தழைச்சத்தைப் புரதமாக மாற்ற முடியாமல் நைட்ரேட்டாகவே உடம்புக்குள் தேக்கி வைத்திருக்கிறது. மாட்டின் வயிற்றுக்குள் போனதும் அது நைட்ரைட் ஆகி, ரத்தத்தில் கலந்து, ரத்தம் காற்றைச் சுமக்கிற சக்தியைப் பிடுங்கிவிடுகிறது. மாடு மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத் திணறிச் சாகிறது. அந்த மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த அதே நைட்ரைட்தான் என் ஊசிக்குள் மருந்தாக இருந்தது. தோலுக்கும் ஊசி முனைக்கும் நடுவே ஒரு மயிரிழை. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் அன்று சரிவில் ஒரு மாடுகூட மிஞ்சியிருக்காது.

ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பாறைமேல் ஏறினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மூத்தவரைக் கூப்பிட்டேன்.

"சார், ரத்தம் பழுப்பா இருக்கு. காத்துல ஆட்டியும் செவக்கல."

அவர் மெதுவாகக் கேட்டார். "ஊசி போட்டுட்டியா?"

"இல்ல சார்."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "தொடாத. அதைத் தூக்கித் தூரப் போடு. நல்லவேளை, என் பேச்சைக் கேக்கல நீ." பிறகு சொன்னார். "மெத்திலீன் ப்ளூ வேணும்மா. என்கிட்ட இல்ல. வேலூர்லேருந்து வரணும்னா சாயந்தரம் ஆய்டும்."

மெத்திலீன் ப்ளூ ஒரு நீலச் சாயம். நைட்ரைட்டால் பழுதான ரத்தத்தை அது திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதைச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் நாம் எல்லோரும் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். கையிருப்பில்தான் வைத்திருப்பதில்லை. சாயந்தரம் வரை இந்த மாடுகள் தாங்காது. பாறைமேல் நின்றபடி யோசித்தேன். சாயம், நீலச் சாயம் என்று மனம் அதையே சுற்றியது. அப்போதுதான் நஸ்ரீனின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

ஆம்பூர் ஓரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தில் நஸ்ரீன் வேதியியலாளர். தீவனப்புல்லுக்குப் பாய்ச்சும் தண்ணீரைச் சோதிக்க அவரிடம் மாதிரி கொடுக்கப் போவேன். நீரில் சோப்புச் சரக்கு கலந்திருக்கிறதா என்று பார்க்க அவர் மெத்திலீன் ப்ளூ பயன்படுத்துவார். எப்போது பார்த்தாலும் அவருடைய விரல் நுனிகள் நீலமாக இருக்கும்.

"நஸ்ரீன், உன்கிட்ட மெத்திலீன் ப்ளூ எவ்வளவு இருக்கு?"

"புது பாட்டில் ஒண்ணு சீலோட இருக்கு மேடம். ஏன்?"

சொன்னேன். அவர் பதறிவிட்டார். "மாட்டுக்கா? ரத்தத்துலயா? மேடம், இது லேப்புக்கு வச்சிருக்கறது. மருந்துன்னு வாங்கல. எதனா ஆச்சுன்னா?"

"எதுவும் பண்ணலன்னா எல்லாம் செத்துரும். பாட்டில் மேல இருக்கறதை அப்படியே படி."

படித்தார். சுத்தம் செய்யப்பட்ட, உயர்தரமான சரக்குதான். ஆனால் ஊசிக்கென்று தயாரித்தது இல்லை. நரம்புக்குள் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. உங்களிடம் அதை மறைக்கப் போவதில்லை. சில நேரங்களில், தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டேதான் முடிவு எடுக்க வேண்டியிருக்கும்.

"மேனேஜர் சார் ஜும்ஆ தொழுகைக்குப் போய்ட்டாரு. அவர கேக்காம எப்படி..." என்று இழுத்தவர், ஒரு நொடி நிறுத்தினார். "சரி வுடுங்க மேடம். அவர் வந்தா நான் பேசிக்கறேன். கிளம்பறேன். வண்டிக்கு என்ன பண்றது?"

வாசலில் பக்கத்துக் காலணித் தொழிற்சாலையின் கம்பெனி பஸ் நின்றிருந்தது. மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதிய ஷிப்ட் பெண்களை ஏற்றிவரக் காலியாகப் புறப்படும் பஸ். நஸ்ரீன் கையைக் காட்டி ஏறி, டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் மாதனூரில் நிற்கவில்லை. தான் ஏற்ற வேண்டிய பெண்கள் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸை நேராக ஒடுகத்தூருக்கு ஓட்டினார். எங்கள் ஜீப் அங்கே இறங்கிக் காத்திருந்தது.

அதற்குள் மேலே எனக்கு வேறொரு போராட்டம். மாடுகளை எழுப்பி நடத்தக்கூடாது என்றேன். ஓடினால், நடந்தால், பயந்தால்கூட உடம்புக்குக் காற்று அதிகம் வேண்டும். இருக்கிற கொஞ்சமும் தீர்ந்துவிடும். யாரும் கேட்பதாக இல்லை. கண்ணெதிரே மாடு சாகும்போது சும்மா நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

"டாக்டர்னு வந்துட்டு ஊசியும் போடல, எங்களையும் தொடக்கூடாதுன்ற. இன்னா வேடிக்கை பார்க்கவா வந்த?" என்று ஒருவர் கத்தினார்.

காசியம்மாள் செவலையின் தலையை மடியிலிருந்து இறக்காமலே அவரைப் பார்த்தார். "குச்சியைக் கீழ போடு. அந்தம்மா போடாத ஊசி எதுன்னு உனக்குத் தெரியுமா? தோலு வரைக்கும் வந்த ஊசிய நிறுத்திச்சு. நான் பார்த்தேன்."

கூட்டம் அடங்கியது. குச்சிகள் கீழே விழுந்தன. பெண்கள் புடவைத் தலைப்பை விரித்து மாடுகளுக்கு நிழல் பிடித்தார்கள். சரிவு முழுக்க மாடுகளின் மூச்சுச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அப்படி ஒரு ஊர் மொத்தமும் அசையாமல் நின்று நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஜீப் வந்தது. நஸ்ரீன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி பாறைகளைத் தாண்டி ஓடிவந்தார். வடிதாளையும் மறக்காமல் எடுத்துவந்திருந்தார். சலைன் பாட்டிலில் பொடியைக் கரைத்து வடிகட்டினோம். அடர்ந்த நீலம். கூட்டத்தில் யாரோ, "அய்யய்யோ, மை மாரி கீதே!" என்றார்கள்.

இப்போது எந்த மாட்டுக்கு முதலில் போடுவது? இந்தச் சரக்கு கெடுதல் செய்தால் ஒரு மாட்டோடு நிற்க வேண்டும். பிழைக்க வாய்ப்புள்ள ஒன்றில் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சாகக் கிடப்பதற்குப் போட்டு அது செத்தால், மருந்தால் செத்ததா விஷத்தால் செத்ததா என்றும் தெரியாது. நான் தயங்கியதைக் காசியம்மாள் பார்த்துவிட்டார்.

"என்துக்குப் போடும்மா. இது எப்டியும் போவப்போவுது. பொழச்சா மத்ததுக்குப் போடு."

"சினையா இருக்கே காசியம்மா."

"தெரியும்மா. போடு."

செவலையின் நரம்பில் நீலம் இறங்கியது. மெதுவாக, மிக மெதுவாக. ஊசியை எடுத்துவிட்டு அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். சேற்று நிறம். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நஸ்ரீன் என் தோளுக்குப் பின்னால் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தச் சேற்று நிறம் கலங்கியது. சாம்பலாயிற்று. சாம்பலுக்குள் ஊதா ஒன்று ஓடியது. ஊதா வெளுத்தது. கொய்யாப்பழத்தின் உள்பக்கம் போல ஒரு இளஞ்சிவப்பு ஈறின் ஓரத்தில் தொடங்கி, ஈரத்துணியில் பரவுகிற மாதிரி, என் விரலுக்கு அடியில் பரவிக்கொண்டே வந்தது. உயிர் ஒரு உடம்புக்குள் திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதற்கு ஒரு நிறம் இருக்கிறது. நான் பார்த்தேன்.

செவலை ஒரு பெருமூச்சு விட்டது. தலையைத் தூக்கிக் காதை உதறியது. கீறல் வாயிலிருந்து ஒரு சொட்டு தெறித்துக் காசியம்மாளின் கையில் விழுந்தது. அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். சிவப்பு. நல்ல சிவப்பு. கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

அதன் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. படுத்தவற்றுக்கு முதலில், நிற்பவற்றுக்குப் பிறகு. ஒரு கிடேரி மட்டும் ஊசி போட்டும் பிழைக்கவில்லை. மற்றவை ஒன்றன் பின் ஒன்றாக எழுந்தன. எழுந்த மாடுகள் நீலப்பச்சையாக மூத்திரம் பெய்தன. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதார்கள்.

செத்த மாடுகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். தோலை வேண்டுமானால் உரித்துக்கொள்ளுங்கள், கீழே வாங்க ஆள் உண்டு, இறைச்சியை யாரும் தொடக்கூடாது, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்றேன். பிழைத்த மாடுகளின் பாலைச் சில நாட்கள் கறந்து கொட்டச் சொன்னேன். செய்தார்கள்.

நஸ்ரீனை அவருடைய மேலாளர் மறுநாள் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டாராம். முழுவதையும் கேட்டுவிட்டு, "இன்னொரு பாட்டில் வாங்கி அந்த டாக்டர்கிட்ட குடுத்துட்டு வா, அவங்ககிட்ட இருக்கட்டும்" என்றாராம். ஷிப்ட் அன்று தாமதமாகத்தான் தொடங்கியது. சாலையோரம் காத்திருந்த பெண்கள் டிரைவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, காரணம் தெரிந்ததும் மாடு பிழைத்ததா என்று அடுத்த நாள் முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

செவலை பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. சில நாட்களில் கரு கலைந்துவிட்டது. ஊர்க் கூட்டத்துக்கு நானும் வேளாண் அதிகாரியும் போனபோது அது நடந்து அதிக நாளாகவில்லை. அதிகாரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உரமே வேண்டாம், சரிவை உழுது போட்டுவிடலாம் என்றார்கள் பலர். சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கடைசியில் காசியம்மாள் எழுந்தார்.

"கன்னு போச்சு எனக்கு. அந்தப் புல்ல தின்னுதான் போச்சு. போன வருசம் அதே புல்ல தின்னு பால் கறந்தது யாரு? நான்தான். ஒரேடியா விசம்னு சொன்னா அது பொய். எப்ப தின்னலாம், எப்ப தின்னக்கூடாதுன்னு பார்க்கறதுக்கு வழி கீதா? அத சொல்லுங்க. இல்லன்னா உழுதுடலாம்."

வழி இருந்தது. அமிலத்தில் கரைத்த ஒரு ரசாயனம். புல்லின் தண்டைப் பிளந்து உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால், நைட்ரேட் அதிகமாக இருக்கும் தண்டு நீலமாக மாறும். நஸ்ரீன் அதைத் தயாரித்துக் கண்ணாடிச் சொட்டுக்குப்பியில் அடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து, கையுறை போட்டுக்கொண்டு எப்படிக் கையாள வேண்டும் என்று குழுப் பெண்களுக்குக் காட்டினார். யூரியாவை ஒரே மூச்சில் போடாமல் பிரித்துப் பிரித்து, மழையைப் பார்த்துப் போடுவது என்று அதிகாரி மாற்றிக்கொண்டார். வேலியில் முள்ளுக்கு நடுவே கல்லும் ஏறியது.

அடுத்த பருவத்தில் புல் மீண்டும் எழுந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. மேகமும் இருந்தது. திறக்கலாமா என்று கேட்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வேலிக்கு வெளியே மந்தை நின்றிருந்தது, செவலை முன்னால். காசியம்மாள் சரிவின் அடிப்பக்கத்தில் ஒரு தண்டைப் பிடுங்கிப் பிளந்து சொட்டு விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் தண்டின் உள்பக்கம் கருநீலமாயிற்று. மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பசியோடு கத்திக்கொண்டேதான் அவை போயின.

பிறகு நல்ல வெயில் அடித்தது. அது சில நாள் தொடர்ந்து காய, புல் தனக்குள் தேக்கி வைத்திருந்ததை எல்லாம் உணவாக மாற்றிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தோம். மறுபடி போனேன். காசியம்மாள் அடியில் ஒரு தண்டு, நடுவில் ஒன்று, பாறை ஓரத்தில் ஒன்று என்று பிளந்து வரிசையாக ஒரு கல்லின் மேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. எல்லோரும் குனிந்து பார்த்தோம். நீர் நீராகவே இருந்தது. எந்தத் தண்டும் நிறம் மாறவில்லை. அவர் அவசரப்படவில்லை. இன்னொரு முறை, வேறு இடத்துத் தண்டுகளைப் பிளந்து பார்த்தார். அப்போதும் மாறவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து போய் வேலியின் படலைத் தானே இழுத்துத் திறந்தார். செவலை உள்ளே வந்தது. பின்னால் மற்றவை. ஒன்றுகூட ஓடவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கின. நாக்கு புல்லைச் சுருட்டி இழுக்க, வேருக்கு மேலே அது அறுபடுகிற சத்தம் சரிவு முழுக்கக் கேட்டது. நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்று, வயிறு நிறைந்து அவை படுத்து அசைபோடத் தொடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.